வீட்டை விற்கப் போறீங்களா? பெயிண்ட் டப்பாவை வைச்சுட்டு பீரோவைத் திறங்க!

வாலாஜாபாத்தில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டெல்லாம் மாட்ட மாட்டார்கள். பத்து வருடமாகச் சுண்ணாம்பே பார்க்காத வீட்டின் முன்னால் திடீரென்று சாரம் கட்டியிருந்தால் தெருவுக்கே புரிந்துவிடும். ஒன்று, பெண்ணுக்குக் கல்யாணம். இல்லையென்றால் வீடு கைமாறப் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தான் குடியிருந்த வரைக்கும் ஒழுகிய குழாயை மாற்றாதவர், யாரோ ஒருவருக்கு விற்பதற்காக ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறார். அமெரிக்காவில் இதற்கு 'ஹோம் ஸ்டேஜிங்' என்று பெயர் வைத்து ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள். அழகான சோபா, பூச்செடி, மிதமான விளக்கு எல்லாம் வைத்து, வருகிறவர் மனதில் ஆசையை உண்டாக்கி விலையை ஏற்றுவது. நம் ஊரிலும் யூடியூப் பார்த்துவிட்டுப் பலர் அதே வழியில் இறங்கிவிட்டார்கள்.

ஆனால் வாலாஜாபாத் மாதிரி ஊரில் வீட்டின் விலையைத் தீர்மானிப்பது சுவரில் இருக்கும் பெயிண்ட் இல்லை. பீரோவில் இருக்கும் காகிதம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன், எப்படி என்று பார்ப்போம்.

(ஒரு சின்னக் குறிப்பு: இது ராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டை இல்லை. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிற வாலாஜாபாத். இரண்டு ஊருக்கும் பெயர் கொடுத்தவர் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. குழப்பத்துக்குக் காரணம் அவர்தான்!)

வாங்க வருகிறவர் யார்?

எந்தப் பொருளை விற்பதானாலும் முதல் கேள்வி இதுதான். அந்தக் காலத்தில் இங்கே ஒரு வீட்டை வாங்கியது பெரும்பாலும் பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர், இல்லையென்றால் கையில் பணம் வைத்திருந்த பட்டு வியாபாரி. மூன்று தலைமுறைக் கதையும் அவருக்குத் தெரியும். பத்திரத்தில் ஒரு கையெழுத்து குறைந்தாலும், "நம்ம தாத்தா காலத்துல நடந்ததுதானே" என்று முடித்துவிடுவார்.

இப்போது வருகிறவர் வேறு ஆள். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் வரும் ஒரகடத்திலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். சொந்த ஊர் கடலூராக இருக்கலாம், திருவண்ணாமலையாக இருக்கலாம். மாதச் சம்பளம், பி.எஃப். கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாம் உண்டு. மொத்தப் பணம் மட்டும் கையில் இல்லை. வங்கிக் கடனில்தான் வாங்குவார்.

அதாவது, வீட்டைப் பார்க்க வருவது கணவன் மனைவி இரண்டு பேர். ஆனால் வீட்டை வாங்குவது நாலு பேர். மூன்றாவது ஆள் வங்கியின் வக்கீல், நாலாவது ஆள் வங்கியின் மதிப்பீட்டாளர். வக்கீல் வீட்டுப் பக்கமே வருவதில்லை. அவர் பார்ப்பது பத்திர நகல்களை மட்டும்தான். ஹாலுக்கு என்ன கலர் என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை.

மதிப்பீட்டாளர் நேரில் வருவார். வந்து முதலில் மனையை அளப்பார். பழைய வீட்டில் விலையின் பெரும் பகுதி நிலத்தில்தான் இருக்கிறது. "சென்ட் என்ன விலை?" என்றுதானே ஊரில் கேட்கிறார்கள்? (1 சென்ட் என்பது 435.6 சதுர அடி.) நிலத்துக்கு ஒரு மதிப்பு, கட்டிடத்துக்கு வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்து ஒரு மதிப்பு, இரண்டையும் கூட்டினால் மொத்தம். முப்பது வயதான கட்டிடத்துக்கு மாடுலர் கிச்சன் போட்டால், அந்தச் செலவு முழுசாக விலையில் திரும்பி வராது. பி.காம் முதல் வருடத்தில் படிக்கும் தேய்மானம் பாடம்தான் இது. சொந்த வீடு என்று வரும்போது மட்டும் எல்லோருக்கும் மறந்துபோகிறது.

பீரோவைத் திறந்தால் என்ன இருக்க வேண்டும்?

வீட்டை விற்க முடிவு செய்தவர் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை இவை:

1. தாய்ப் பத்திரம். வீடு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். வங்கி வக்கீல்கள் பொதுவாக முப்பது வருடத்துக் கதையைக் கேட்பார்கள். அசல் பத்திரம் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று ஒரு பெரிய சுற்று இருக்கிறது. வாங்குபவர் அட்வான்ஸோடு வந்து நிற்கும்போது இந்தச் சுற்றைத் தொடங்கினால் அவர் வேறு வீடு பார்த்துவிடுவார்.

2. வில்லங்கச் சான்று. ஊரில் 'ஈசி' என்பார்கள். இப்போது இதை இணையவழியில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எப்போதோ பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கியிருப்பார்கள். கடனைக் கட்டி முடித்தாயிற்று. ஆனால் ரசீதுப் பத்திரம் பதிவு செய்யவில்லை. வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் இன்னும் உயிரோடு இருக்கும்! கடன் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

3. பட்டா. தாத்தா பெயரிலேயே இருக்கிற பட்டா, பங்காளிகளோடு கூட்டுப் பட்டா, பழைய தெருக்களில் நத்தம் பட்டா என்று பல ரகம். பட்டா மட்டும் உரிமையைத் தந்துவிடாது, உண்மைதான். ஆனால் பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர், சொத்துவரி ரசீதில் மூன்றாவது பெயர், மின் இணைப்பில் நாலாவது பெயர் என்றிருந்தால் வாங்குபவருக்கு வயிற்றைக் கலக்கும்.

4. பெயர் ஒற்றுமை. பழைய பத்திரத்தில் சாதிப் பட்டத்தோடு ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் கூப்பிடும் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் வங்கி வக்கீலுக்கு எப்படித் தெரியும்?

5. அளவு. பத்திரத்தில் இருக்கும் அளவும் தரையில் இருக்கும் அளவும் ஒன்றா? வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய தெரு வீடுகளில் பொதுச் சுவர் யாருடையது, கொல்லைப்புறச் சந்தில் யாருக்கு நடைபாதை உரிமை என்பதெல்லாம் வாய் வார்த்தையாகவே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே பேசி, அளந்து வைத்துவிடுவது உத்தமம். வீடு விற்பனைக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு நல்ல மனநிலை கொஞ்சம் குறைந்துவிடும் :-)

6. மனை அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. 2017-ல் அவற்றை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. ஊரைச் சுற்றி அந்தக் காலத்தில் 'லே-அவுட்' என்று கல் நட்டு விற்ற இடங்களில் வீடு கட்டியவர்கள் இந்தக் காகிதம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

7. கோயில் நிலமா? காஞ்சிபுரம் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. நிலம் கோயிலுடையது, கட்டிடம் மட்டும் குடியிருப்பவருடையது என்ற வீடுகள் கோயில் ஊர்களில் நிறைய. இந்து சமய அறநிலையத்துறைச் சட்டம் 1959-ன்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் செல்லாது. சில சமயம் ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதி மட்டும் கோயிலுடையதாக இருக்க, மொத்த எண்ணுக்கும் பதிவு முடக்கப்பட்டுவிடும். சொந்த மனைதான், ஆனாலும் பத்திரம் போட முடியாது. இதைச் சரிசெய்ய மாதக் கணக்கில் ஆகலாம். அதனால்தான் முதலில் பீரோ, பிறகு பெயிண்ட்.

இந்த ஏழும் சரியாக இருந்து, நகல்களை ஒரு ஃபைலில் வரிசையாகப் போட்டு மேசை மேல் வைத்தால், அதுதான் வாலாஜாபாத்தின் ஹோம் ஸ்டேஜிங்.

இவை சரியாக இல்லாவிட்டால் வீடு விற்காதா? விற்கும். யாருக்கு விற்கும் என்பதுதான் கேள்வி. வங்கிக் கடன் கிடைக்காத வீட்டை ரொக்கம் வைத்திருப்பவர் மட்டும்தான் வாங்க முடியும். அவர் சிக்கலைத் தெரிந்துகொண்டு வருவார், அதற்கு ஏற்ப விலையை அடிப்பார். பத்து பேர் போட்டி போட வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் நின்றால் விலையைச் சொல்வது விற்பவர் இல்லை, அந்த ஒருவர்தான். பிறகு அவரே பத்திரங்களைச் சரிசெய்து அதே வீட்டை நல்ல விலைக்கு விற்பார். அந்த லாபம் உழைப்புக்குக் கிடைத்த கூலி. அந்த உழைப்பை வீட்டுக்காரரே செய்திருக்கலாம்.

தறிக்குழியை மூடலாமா?

வாலாஜாபாத்தைச் சுற்றி, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை வரைக்கும் நெசவாளர் குடும்பங்கள் உண்டு. இந்த வீடுகளை விற்கும்போது நெசவு இல்லாத ஊர்களில் எழாத கேள்வி ஒன்று எழுகிறது. ஹாலில் இருக்கும் தறிக்குழியை என்ன செய்வது?

தறி போட்ட வீடு மற்ற வீடு மாதிரி இருக்காது. பாவு நீளத்துக்கு ஏற்ப முன்கூடம் நீளமாக இருக்கும். ஜக்கார்டு பெட்டி மேலே நிற்க வேண்டும் என்பதால் கூரை உயரமாக இருக்கும். நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதி மிதிப்பார். தொழில் நின்றுபோன வீட்டில் இந்தக் குழி பலகை போட்டு மூடிக் கிடக்கும். விற்கப் போகும்போது முதலில் அவசரமாக மண்ணைக் கொட்டி டைல்ஸ் ஒட்டுவது இதன் மேல்தான்.

இது இரண்டு விதத்தில் தப்பு.

முதலாவது, அவசரமாக மூடிய குழி அடுத்த மழையில் காட்டிக் கொடுத்துவிடும். அடுக்கடுக்காக மண்ணைப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, மேலே கான்கிரீட் போட்டால்தான் தரை நிற்கும். இல்லாவிட்டால் ஹாலின் நடுவிலேயே டைல்ஸ் இறங்கும். விற்பனை முடிவதற்குள் அது இறங்கினால் அத்தனை பேச்சுவார்த்தையும் போச்சு.

இரண்டாவது, வாங்க வருபவர் நெசவாளராகவே இருந்தால்? அவருக்கு உயரமான கூரையும் நீளமான கூடமும் தயாராக இருக்கும் குழியும் ஒரு வசதி. புதிதாக அப்படி ஒரு கூடம் கட்ட அவருக்கு எவ்வளவு செலவாகும்! ஒரகடம் ஊழியருக்கோ அது வெறும் பள்ளம். ஆகவே வாங்குபவர் யாரென்று தெரியும் முன்பே மூடிவிடுவது ஒரு தரப்பு வாடிக்கையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குச் சமம். "இப்படியே வேண்டுமா, மூடித் தர வேண்டுமா? மூடினால் இவ்வளவு செலவு" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பெருக்கித் துடைத்து, ஒரு நல்ல விளக்கைப் போட்டு, குழியைக் குழியாகவே காட்டலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் குழியில் காலை விட்டு நெய்த பணத்தில்தானே அந்த வீடே எழுந்தது?

அக்காவின் கையெழுத்து

விலையைக் கெடுப்பதில் முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால் ஒழுகும் மாடிக்கு இல்லை. கேட்காமல் விடப்பட்ட பெண் பிள்ளைக்குத்தான்.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார், அம்மாவும் இல்லை, இரண்டு அண்ணன் தம்பி, ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தம்பிகள் விலை பேசி அட்வான்ஸும் வாங்கிவிடுவார்கள். "அக்காவுக்குத்தான் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சே, கையெழுத்து போட்டுடும்" என்ற நம்பிக்கை. பதிவுக்கு நாலு நாள் முன்னால் அக்காவுக்கு ஃபோன் போகும். அக்கா என்ன சொல்லும்? கேட்டிருந்தால் சம்மதித்திருக்கும். கேட்காததால் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வருகிற வீடென்றால், மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவுதான். 1956-லிருந்தே இப்படித்தான். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்து, அன்று திருமணமாகாத பெண்களுக்குச் சம பங்கு கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் திருமணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தையும் எடுத்தது. 2005-க்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

ஆகவே வாரிசுச் சான்றிதழில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அக்கா உண்மையிலேயே பங்கு வேண்டாம் என்று மனதாரச் சொன்னால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யலாம். குடும்பத்துக்குள் என்றால் அதற்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் உச்சவரம்போடுதான் வசூலிக்கிறார்கள். 2023 ஜூலையில் அந்த உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயாகவும் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கிரயத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை.

ஆனால் "வேண்டாம் என்று சொல்ல வை" என்பதை வீடு விற்கும் தயாரிப்பு என்று நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அக்காவை முதல் நாளிலேயே கூப்பிட்டு, விலையைச் சொல்லி, பங்கையும் சொல்லிவிட்டால், விற்பவர் தரப்பில் ஒருமித்த குரல் இருக்கும். வாங்குபவர் நம்பி விலை கொடுப்பார். மறைத்துச் செய்தால் ஒரு வழக்கு, ஒரு தடை உத்தரவு, வருடக் கணக்கில் பூட்டிய வீடு. நியாயமும் கணக்கும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது. அப்படி இருந்தும் பல வீடுகளில் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

கறுப்பில் கேட்டால் விலை குறையும்

கேட்க விசித்திரமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வீட்டுக்கு 30 லட்சம் விலை. அரசு வழிகாட்டி மதிப்புப்படி 18 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "18 லட்சத்துக்குப் பத்திரம் போடலாம், மீதி 12 லட்சம் கையில் கொடுங்க" என்பார் வீட்டுக்காரர். வாங்குபவருக்கு இதில் லாபம் இருக்கிற மாதிரிதான் தெரியும். 2023-ல் மாற்றியமைத்தபடி 7 சதவீத முத்திரைத்தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம், மொத்தம் 9 சதவீதம். 12 லட்சத்துக்கு 1 லட்சத்து 8 ஆயிரம் மிச்சம்.

ஆனால் வங்கி எதற்குக் கடன் கொடுக்கும்? பத்திர விலைக்கு. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு. 30 லட்சம் என்று காட்டினால் அதிகபட்சம் 27 லட்சம் கடன் வாங்க வாய்ப்பு. 18 லட்சம் என்று காட்டினால் 16 லட்சத்து 20 ஆயிரம்தான். ஒரு லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போய் 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு அவர் வட்டிக்கடைக்கு அலைய வேண்டும். அலைய முடியாதவர் போய்விடுவார். மறுபடியும் அதே கதை: வாங்குவோர் எண்ணிக்கை குறைந்தால் விலை குறையும்.

இது தவிர, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்திருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

"முழுசா காட்டினா வரி வருமே?" வரும். ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். அதற்கு முன்பே வாங்கிய வீடு என்றால், இங்கே குடியிருக்கும் தனிநபர்கள் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியதாக இருந்தால் அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். லாபத்தை வைத்துக் குறித்த காலத்துக்குள் வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரியே இல்லை. மாடி கட்டிய செலவுக்கு ரசீது இருந்தால் அதையும் கழிக்கலாம். பழைய ரசீதுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர்கள்தான் இதில் பாவம்! நல்ல விலை என்பது வாங்குபவர் சொல்கிற தொகை இல்லை. எல்லாம் போகக் கடைசியில் கையில் நிற்கும் தொகை.

அப்போ பெயிண்டே வேண்டாமா?

வேண்டும். அளவோடு வேண்டும். ஒழுகும் குழாய், எரியாத விளக்கு, கிறீச்சிடும் கதவு, மாடியில் பாசி, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், கரையான் அரித்த நிலை... இவற்றைச் சரிசெய்வதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் "இந்த வீட்டைக் கவனமாக வைத்திருக்கிறார்கள்" என்ற நம்பிக்கையைத் தரும். தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்து, வெளிச்சம் வர ஜன்னலைத் திறந்து, ஒரு கோட் வெள்ளை அடித்தால் போதும். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வாஸ்து பார்த்து வாசலை மாற்றுவது இதெல்லாம் வாங்குபவரின் ஆசைக்கு விட்டுவிட வேண்டியவை. ஒருவருக்குப் பிடித்த வாஸ்து இன்னொரு ஜோசியருக்குப் பிடிப்பதில்லை.

ஒன்றே ஒன்றைச் செய்யக் கூடாது. ஈரச்சுவரின் மேல் பெயிண்ட் அடித்து மறைப்பது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகியதற்குப் பிறகு ஆற்றோரம் வீடு பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "தண்ணி வந்துச்சா?" என்பதுதான். 1882-ம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டமே, வாங்குபவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எப்படியும் சொல்லத்தான் போகிறார். நாமே சொல்லிவிடுவது மேல்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஜார்ஜ் அகர்லாஃப் பெயர் தெரிந்திருக்கும். 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல கார், எது ஓட்டை கார் என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் அவர் எல்லாக் காருக்குமே ஓட்டை கார் விலையைத்தான் கொடுப்பார். அதனால் நல்ல கார் வைத்திருப்பவருக்குத்தான் நஷ்டம் என்றார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய வீட்டுச் சந்தையும் அதேதான். நம் வீடு நல்ல வீடு என்று நிரூபிக்க நம்மிடம் இருக்கும் ஒரே வழி, எதையும் மறைக்கவில்லை என்று காட்டுவதுதான்.

எப்போது, என்ன விலை?

ஆடியில் யாரும் வீடு பார்க்க வர மாட்டார்கள். மார்கழியில் பத்திரம் போட மாட்டார்கள். ஆனால் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க ஆடி ஒரு தடையில்லை! ஆடியில் காகித வேலையை முடித்து ஆவணியில் வீட்டைக் காட்டலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சரிசெய்து தையில் விற்கலாம்.

விலையைப் பொறுத்தவரை, 2022-ல் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்த நாளிலிருந்து சுற்றுவட்டாரத்தில் டீக்கடைக்கு டீக்கடை விலை ஏறிக்கொண்டிருக்கிறது. தரகர் சொல்லும் விலை வேறு, பதிவாகும் விலை வேறு. வழிகாட்டி மதிப்பையும், பக்கத்தில் உண்மையிலேயே விற்ற வீடுகளின் விலையையும் விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஆகாசத்தில் விலை சொல்லி ஒரு வருடம் விற்காமல் கிடந்தால், "அந்த வீட்டுல ஏதோ பிரச்சினை போல" என்று ஊர் பேசும். அதன் பிறகு நியாய விலைகூடக் கிடைக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அவசரத்துக்கு முன்னால் தொடங்குவது. நம் குடும்பங்களில் வீட்டை ஆசைக்காக விற்பவர்கள் குறைவு. ஆஸ்பத்திரிச் செலவு, கடன், பெண்ணின் கல்யாணம், தறி நின்றுபோனது என்று ஏதாவது ஒரு நெருக்கடிதான் விற்க வைக்கிறது. நெருக்கடி வந்த பிறகு இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலைந்தால், அலைகிற ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி ஏறும், விலை இறங்கும். பல குடும்பங்களுக்கு அந்த வீடு ஒன்றுதான் சொத்து. பாட்டன் நெய்து சேர்த்தது, ஒரு காகிதம் இல்லாத குறைக்கு லட்சக் கணக்கில் தள்ளுபடியில் போகக் கூடாது.

விற்கிற எண்ணமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சாவியை வாங்கி பீரோவைத் திறந்து பாருங்கள். அப்பா இருக்கும்போது கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார், எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று.